கதவைத் திறக்கும் முன்: ஓடுகிற பேனலை ஆய்வு செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையைச் சுற்றி கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகள், திருமங்கலம் பக்கத்து ஆலைகள், ஊருக்குள் கல்யாண மண்டபங்கள், அடுக்குமாடிகளின் லிஃப்ட் ரூம் என்று பேனல் பார்க்கப் போகிற இடமெல்லாம் எலக்ட்ரீஷியன்களும் மெயின்டனன்ஸ் ஆட்களும் என்னிடம் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். டீக்கடையில் வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். பேனல் என்று நான் சொல்வது மெயின் சுவிட்சும் பிரேக்கர்களும் அடங்கிய தகர அலமாரியை; ‘ஓடுகிற’ பேனல் என்றால் உள்ளே கரண்டு இருக்கிற பேனல். எல்லாமே 415 வோல்ட் எல்.டி. (தாழ்வழுத்த) பேனல்களைப் பற்றியவை. 11 கேவி, அதாவது எச்.டி. (உயரழுத்த) அறைக்கு இது போதாது. இதைப் படித்துவிட்டு அங்கே நுழைய வேண்டாம்.

சும்மா கதவைத் திறந்து பார்க்கத்தானே போகிறோம்? கையா வைக்கப் போகிறோம்?

இந்த வேலையில் ஆகாத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது ‘சும்மா’. ரிப்பேர் என்றால் ஆள் உஷாராக இருப்பான். மெயினை இறக்குவான், நாலு பேரிடம் சொல்லுவான். ஆய்வு என்றால் கையில் நோட்டும் பேனாவும் செல்போனும்தான் இருக்கும். கவனம் மீட்டர் ரீடிங்கில் இருக்கும். முகத்துக்கு நேரே ஒரு முழத்தில் மூடியில்லாத பஸ்பார் (கரண்டு ஓடுகிற உலோகப் பட்டை) இருக்கும்.

கதவு சாத்தியிருக்கும்போது உள்ளே ஏதாவது தீப்பிடித்து வெடித்தாலும் அந்தத் தகரம் ஓரளவு தடுக்கும். திறந்த பிறகு உங்களுக்கும் அதற்கும் நடுவில் உங்கள் சட்டை மட்டும்தான். திறக்கிற செயலே வம்பைக் கிளப்புவதும் உண்டு. பல வருஷம் திறக்காத கதவில் இண்டிகேட்டர் லேம்ப்புக்குப் போகிற ஒயர் இழுபட்டுப் பிடுங்கிக்கொள்ளும். மேலே ஒட்டிக்கொண்டிருந்த பல்லி பயந்து குதிக்கும். எப்போதோ யாரோ விட்டுப்போன நட்டு உதிரும்.

என் கதையையே சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம். ஒரு எண்ணெய் ஆலையில் ஆம்பியர் குறிக்கக் குனிந்தேன். சட்டைப் பையில் இருந்த டெஸ்டர் நழுவி ஒய் ஃபேஸுக்கும் பி ஃபேஸுக்கும் நடுவில் விழுந்தது. சத்தம் கேட்ட பிறகுதான் விழுந்ததே தெரிந்தது. புருவமும் முன்முடியும் கருகிப் போயின, வலது கையில் தோல் உரிந்தது, இரண்டு நாள் கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தல். நான் எதையும் தொடவே இல்லை. அன்றிலிருந்து என் சட்டைக்கு மேல்பாக்கெட் கிடையாது; தையல்காரரிடம் சொல்லி அது இல்லாமலே தைத்துக்கொள்கிறேன்.

415 வோல்ட்தானே அண்ணே, எச்.டி.யா என்ன?

இப்படிக் கேட்கிறவர்கள் வோல்ட்டை மட்டும் பார்க்கிறார்கள். உடம்புக்குள் ஓடுவது ஆம்பியர். ஒரு மில்லி ஆம்பியரில் சுருக்கென்று தெரியும். பத்தைத் தாண்டினால் தசை இறுகி, பிடித்ததை விட முடியாது. முப்பதைத் தொடும்போது மூச்சுக்குத் திணறல். ஐம்பதுக்கு மேலே போய்ச் சில விநாடி நீடித்தால் இதயம் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்க ஆரம்பிக்கலாம். வியர்த்த உடம்பின் தடையைச் சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஃபேஸைத் தொட்டு மறு கை எர்த்தில் இருந்தாலே 240 மில்லி ஆம்பியர். மே மாதத்து மதுரையில் பேனல் ரூமுக்குள் வியர்க்காத உடம்பு ஏது?

அது ஷாக். அதைவிட வேறு ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி நம் ஆட்கள் அதிகம் பேசுவதில்லை. இரண்டு ஃபேஸ் ஷார்ட்டாகும்போது காற்றே மின்சாரத்தைக் கடத்துகிற நெருப்பாக மாறும். ஆர்க் ஃபிளாஷ் என்பார்கள். அதன் நடுவில் வெப்பம் கிட்டத்தட்ட 20,000 டிகிரி செல்சியஸ் வரை போகலாம். செம்பு ஆவியாகிப் பல ஆயிரம் மடங்கு விரிந்து முகத்தில் அடிக்கும். இதற்கு உங்களைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

வீட்டில் ஷார்ட்டானால் எம்சிபி ‘டக்’ என்று விழுந்துவிடுகிறதே என்பார்கள். ஆலையில் 500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதன் முழு லோடு சுமார் 670 ஆம்பியர். அதன் பக்கத்திலேயே ஷார்ட்டானால் 15,000 ஆம்பியர் அளவுக்குப் பாயும். மெயின் பிரேக்கர் விழுவதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும்.

அப்படியென்றால் ஓடுகிற பேனலைத் திறக்கவே கூடாதா?

திறப்பதற்கு ஒரு காரணம் வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆய்வில் தெரிந்துகொள்ள வேண்டியதைக் கதவைச் சாத்திவைத்தே எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. வோல்ட், ஆம்பியர், பவர் ஃபேக்டர் எல்லாம் கதவிலுள்ள மீட்டரிலேயே இருக்கிறது. கருகல் வாடை மூக்குக்குத் தெரியும். காண்டாக்டர் (மோட்டாருக்கு சப்ளையைச் சேர்த்துப் பிரிக்கிற காந்த சுவிட்ச்) உறுமுவது காதுக்குத் தெரியும். ஒரு கதவின் பெயின்ட் மட்டும் நிறம் மாறியிருந்தால் அதன் பின்னால் சூடு இருக்கிறது. முன்னால் ஒரு மீட்டர் இடம் காலியாக இருக்கிறதா, சாக்கு மூட்டை அடுக்கியிருக்கிறதா என்று பார்க்கக் கதவைத் தொடவே வேண்டாம். பேனலின் பின்பக்கம் திறந்த இணைப்புகள் இருந்தால் சுவருக்கும் அதற்கும் இடைவெளி 20 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், அல்லது 75 செ.மீ.க்கு மேல் இருக்க வேண்டும் என்பது விதி. ஒன்று, ஆள் நுழையவே முடியக் கூடாது. இல்லை, நுழைந்தால் தாராளமாகத் திரும்ப முடிய வேண்டும். நடுவாந்தரமாக விட்டுவைத்த இடத்தில்தான் ஒருக்களித்து நுழைந்து முதுகைக் கொடுப்பார்கள்.

போல்ட்டை முறுக்கிப் பார்ப்பது, லக்கை (கேபிள் முனையில் மாட்டுகிற உலோகக் காதை) இழுத்துப் பார்ப்பது, தூசி ஊதுவது, பஸ்பார் சப்போர்ட்டைத் துடைப்பது, மெகர் கருவியால் இன்சுலேஷனைச் சோதிப்பது: இத்தனையும் சப்ளையை நிறுத்தித்தான். இதில் ‘ஒரே நிமிஷம்’ என்கிற விலக்கு கிடையாது.

மிஞ்சுவது கொஞ்சம்தான்: லோடு ஓடும்போது ஒவ்வொரு ஃபேஸிலும் எவ்வளவு போகிறது, எந்த இணைப்பு சூடாகிறது, எங்கே வோல்ட் விழுகிறது. இந்த மூன்றுக்கும் ஓட்டத்தில் திறக்கத்தான் வேண்டும். அதற்குத் தகுந்த ஆள், தகுந்த உடை, பக்கத்தில் ஒரு துணையாள் என்று ஏற்பாடு செய்துகொண்டு திறந்து, வேலை முடிந்ததும் சாத்திவிட வேண்டும். திறந்த பஸ்பாரிலிருந்து ஒரு மீட்டருக்குள் மற்றவர்கள் வரக் கூடாது, 30 செ.மீ.க்குள் பாதுகாப்பில்லாத கை போகவே கூடாது.

ஈ.பி. மாதாந்திர ஷட்டவுன் அன்றைக்குப் பார்த்துக்கொண்டால் என்ன?

நல்ல யோசனை. பல ஆலைகளில் நானே அந்த நாளைத்தான் கேட்டு வாங்குகிறேன். பேப்பரில் ‘காலை 9 முதல் மாலை 5 வரை’ என்று வந்துவிடும். உற்பத்தி எப்படியும் நிற்கப் போகிறது, முதலாளிக்கும் மனக்குறை இல்லை.

ஆனால் பேப்பரில் வந்த நேரத்தை நம்பி உள்ளே கை விடாதீர்கள். லைன் வேலை சீக்கிரம் முடிந்தால் 2 மணிக்கே கரண்டு வந்துவிடும். உங்களிடம் கேட்டுக்கொண்டு வராது. ஊரில் கரண்டு இல்லை என்பது வேறு, உங்கள் பேனல் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பது வேறு. ஷட்டவுன் நாளிலும் உங்கள் ஐசொலேட்டரை (சப்ளையைப் பிரிக்கிற சுவிட்சை) இறக்கிப் பூட்டுப் போட வேண்டும். பூட்டின் சாவி உங்கள் பையில். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு, மூன்று சாவி. ‘ஆள் வேலை செய்கிறார், போடாதே’ என்ற அட்டையில் பெயரும் நேரமும் எழுதித் தொங்கவிடுங்கள். அட்டை மட்டும் போதாதா என்பார்கள். எழுத்தைப் படிக்காமலே ஹேண்டிலைத் தூக்குகிற ஆளை எல்லா ஆலையிலும் பார்த்திருக்கிறேன். பூட்டை அப்படித் தாண்ட முடியாது.

அன்றைக்கே இன்னொரு விஷயமும் இருக்கிறது. கரண்டு போனதும் ஜெனரேட்டரைப் போடுவார்கள். ஈ.பி.க்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றிவிடுகிற சேஞ்ச்ஓவர் சுவிட்ச் சரியில்லாமல், இரண்டும் ஒரே சமயம் சேருகிற மாதிரி யாராவது ஒட்டு வேலை பார்த்திருந்தால், உங்கள் ஜெனரேட்டர் கரண்டு வெளியே லைனுக்குத் திரும்பிப் போகும். வெளியே கம்பத்தில் ஈ.பி.காரர் ஏறி நிற்கிறார். ஷட்டவுன் நாளில் நான் முதலில் பார்ப்பது இந்த சேஞ்ச்ஓவரைத்தான்.

டெஸ்டர் எரியவில்லை என்றால் லைன் இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. டெஸ்டர் எரிந்தால் லைன் இருக்கிறது என்று சொல்லலாம். எரியாததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அந்தச் சின்ன நியான் விளக்கு உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிற துளி மின்சாரத்தில்தான் எரிகிறது. நீங்கள் நிற்பது ரப்பர் பாயிலோ மர ஸ்டூலிலோ என்றால் வெளிச்சம் மங்கிவிடும். உங்களைக் காப்பாற்றப் போட்ட பாயே டெஸ்டரைப் பொய் சொல்ல வைக்கும். வெயில் அடிக்கிற இடத்தில் எரிவதே கண்ணுக்குத் தெரியாது.

நல்ல மல்டிமீட்டரோ இரண்டு முனை வோல்டேஜ் டெஸ்டரோ எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் லைன் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு இடத்தில் வைத்துப் பாருங்கள், காட்டுகிறதா? அப்புறம் வேலை செய்யப் போகிற இடத்தில் ஆர், ஒய், பி மூன்றையும் ஒன்றுக்கொன்றும், நியூட்ரலுக்கும், எர்த்துக்கும் பாருங்கள். திரும்பவும் லைன் உள்ள இடத்தில் வைத்து மீட்டர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நடுவில் மீட்டரின் பேட்டரி செத்திருந்தால் அந்த ‘சைபர்’ பொய்யான சைபர். மூன்றாவது சோதனையை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

மீட்டரில் அதன் பாதுகாப்பு வகை கேட் III 600 வோல்ட் என்றாவது அச்சிட்டிருக்க வேண்டும். வெளி சப்ளை வந்து சேருகிற மெயின் இன்கமர் பக்கம் என்றால் கேட் IV. ரோட்டோரத்துக் கடையில் இருநூறு ரூபாய்க்கு விற்கிற மஞ்சள் மீட்டர் ரேடியோ ரிப்பேருக்கு சரி. இன்னொன்று: ஆம்பியர் ஓட்டையில் ஒயரைச் சொருகி வைத்துவிட்டு, மறந்துபோய் அப்படியே வோல்ட் பார்க்க இரண்டு ஃபேஸில் வைத்தால் அது அளவெடுப்பு இல்லை, ஷார்ட் சர்க்யூட். ஆம்பியருக்குக் கிளாம்ப் மீட்டர்தான். அதையும் இன்சுலேஷன் உள்ள கேபிளில் மாட்டுங்கள், வெறும் பஸ்பாரில் வேண்டாம். உள்ளே சிடி (ஆம்பியரை மீட்டருக்குக் குறைத்துக் கொடுக்கிற கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) இருந்தால் அதன் செகண்டரி ஒயரை லோடு ஓடும்போது கழற்றவே கூடாது. திறந்த முனையில் ஆளைக் கொல்கிற வோல்டேஜ் எழும்பும்.

மெயினை இறக்கிவிட்டால் உள்ளே எல்லாம் செத்துவிடும் இல்லையா?

மெயின் பிரேக்கருக்கு மேலே வந்து சேருகிற கேபிள் முனைகள் அப்படியே உயிரோடு இருக்கும். இதை மறந்து மேல்பக்கம் துடைக்கப் போய் அடி வாங்கியவர்கள் நிறைய.

அதைத் தவிர ஒளிந்திருக்கிற சப்ளைகள் உண்டு. கண்ட்ரோல் ஒயருக்கு வேறு பேனலிலிருந்து 240 வோல்ட் வந்திருக்கலாம். யூபிஎஸ் இருக்கலாம். கூரையில் சோலார் இருந்தால் வெயில் இருக்கும்வரை தகடுகளிலிருந்து இன்வெர்ட்டர் வரை டிசி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதை எந்த மெயினும் நிறுத்தாது. பவர் ஃபேக்டருக்குப் போட்ட கெப்பாசிட்டர்கள் சப்ளை போன பிறகும் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். மூன்று நிமிஷத்தில் 75 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும் என்பது தரக் கணக்கு, உள்ளே இருக்கிற டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் நன்றாக இருந்தால். அது அறுந்துபோயிருந்தால் அரை மணி நேரம் கழித்தும் அடிக்கும். நான் ஐந்து நிமிஷம் காத்திருந்து, மீட்டரில் பார்த்து, அப்புறம்தான் கை வைப்பேன். ஸ்பின்னிங் மில்களில் மோட்டார் வேகத்தை மாற்றுகிற டிரைவ்களும் இந்த ரகம்தான்: 415 வோல்ட் உள்ளே போய் 580 வோல்ட்டுக்கு மேற்பட்ட டிசியாக நிற்கும். எத்தனை நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்று அதன் மூடியிலேயே ஒட்டியிருப்பார்கள். தூசியைத் துடைத்துவிட்டுப் படியுங்கள்.

ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறேன். செருப்பே போடக் கூடாதே, ஷூ எப்படி?

கார்த்திகை, மார்கழியில் ஒவ்வொரு ஆலையிலும் யாராவது ஒருவர் இதைக் கேட்பார். நம் பக்கம் அதே மாதங்கள் மழை பெய்து தரை ஈரமாக இருக்கிற காலம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று பேனலைத் திறப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. அந்த நாற்பத்தெட்டு நாளும் சாமி நோட்டெழுதுகிற வேலையைப் பார்க்கட்டும், திறக்கிற வேலையை இன்னொருவர் பார்க்கட்டும். குருசாமியிடம் கேட்டுக்கொண்டு வேலை நேரத்தில் மட்டும் ஷூ போடுகிற சாமிகளும் எனக்குத் தெரியும். அது அவரவர் விருப்பம். நான் சொல்வது பேனல் கதவைப் பற்றி மட்டும்.

கழுத்து மாலையில் வெள்ளிக் கம்பியும் டாலரும் இருக்கும். குனியும்போது அது முதலில் போய் நிற்கிற இடம் பஸ்பார். கழற்ற முடியாது என்றால் சட்டைக்குள் விட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டு மூடிய கதவுப் பக்கத்து வேலைகளை மட்டும் பாருங்கள். கைக்காப்பு, மோதிரம், ஸ்டீல் வாட்ச், தொங்குகிற ஐடி கார்டுக் கயிறு எல்லாம் வெளியே. மோதிரம் ஷார்ட்டாகி விரலிலேயே பழுத்துவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும்.

துணி பருத்தியாக இருக்கட்டும், முழுக்கை. பாலியெஸ்டர் சட்டை நெருப்பில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வேஷ்டி, லுங்கி, தோளில் துண்டு கூடாது. இன்கமர் பக்கம் திறப்பதாக இருந்தால் பருத்தியும் போதாது. ஆர்க்கைத் தாங்குவதற்கென்றே வருகிற சூட்டும் முகக் கவசமும் வேண்டும். வெல்டிங் கண்ணாடி அதற்கு மாற்று இல்லை, கண்ணை இருட்டாக்கும், அவ்வளவுதான்.

ரப்பர் கையுறையும் பாயும் இருந்தால் போதும்தானே?

எந்த ரப்பர் என்பதில் இருக்கிறது. சமையல்கட்டுக் கையுறையைப் போட்டுக்கொண்டு நின்ற ஆளைப் பார்த்திருக்கிறேன். மின் கையுறையில் கிளாஸ் 0 என்று அச்சிட்டிருந்தால் 1,000 வோல்ட் வரைக்கும் சரி. போடும் முன் வாய்ப்பக்கத்தைச் சுருட்டிக் காற்றை அடைத்து, கன்னத்துப் பக்கம் வைத்துப் பாருங்கள். ஊசித் துவாரம் இருந்தால் காற்று காட்டிக்கொடுக்கும். மேலே தோல் கையுறை போட்டால்தான் ரப்பர் கிழியாது. பாய் ஐ.எஸ். 15652 தரத்தில் இருக்க வேண்டும், எல்.டி. பேனலுக்கு 2 மி.மீ. தடிமன் உள்ள ஏ வகை போதும். கார் மேட்டையும், வருஷக்கணக்கில் எண்ணெய் ஊறி வெடித்த பாயையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தெர்மல் கேமராவில் தூரத்திலிருந்தே பார்த்துவிடலாமே?

பார்க்கலாம், ஆனால் கதவுக்கு வெளியிலிருந்து முடியாது. கண்ணாடியும் அக்ரிலிக் மூடியும் நம் கண்ணுக்குத்தான் தெளிவு. வெப்பக் கதிருக்கு அவை சுவர் மாதிரி. அதனால் கதவைத் திறந்துதான் படம் எடுக்க வேண்டும். கேமரா இருப்பதால் ஒரு மீட்டருக்கு அப்பால் நின்று எடுக்கலாம் என்பது மட்டும்தான் லாபம். லோடு 40 சதவீதமாவது ஓட வேண்டும், இல்லாவிட்டால் லூஸான லக்கும் குளிர்ச்சியாகத்தான் தெரியும். புதிதாகப் பேனல் செய்கிறவர்கள் கதவிலேயே வெப்பக் கதிரை விடுகிற இன்ஃப்ராரெட் ஜன்னல் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தச் செலவைப் பார்த்து முகம் சுளிக்கிற முதலாளியிடம் ஒரு ஷட்டவுனுக்கு எவ்வளவு உற்பத்தி போகிறது என்று மட்டும் கேளுங்கள்.

கத்திரி வெயிலில் பேனல் ட்ரிப் ஆகிறது. கதவைத் திறந்து ஃபேன் வைத்திருக்கிறோம். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். ஆய்வுக்கு வருகிறவர் அந்த ஃபேன் ஒயரில் தடுக்கினால் எங்கே விழுவார் என்று யோசியுங்கள். லோடு கூடிப்போயிருக்கிறது, அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது ஏதோ ஓர் இணைப்பு லூஸ். அதைத் தேடுங்கள்.

ஆயுத பூஜைக்குப் பேனலைக் கழுவிப் பொட்டு வைக்கிறார்களே?

கதவுக்கு வெளியே, பெயின்ட் அடித்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் தாராளமாக வையுங்கள். கதவைத் திறந்து ஒவ்வொரு பிரேக்கருக்கும் பொட்டு வைத்ததையும், மஞ்சள் தண்ணீர் தெளித்ததையும் பார்த்திருக்கிறேன். ஈரச் சந்தனம் கரண்டைக் கடத்தும். காய்ந்த பிறகு தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்த மழைக்கு மறுபடி ஈரமாகும். மாலையைக் கைப்பிடியில் சுற்றினால் அவசரத்துக்கு ஹேண்டிலை இறக்க முடியாது. வாழைக்கன்றைப் பேனலில் சாய்த்துக் கட்ட வேண்டாம். சுத்தம் செய்ய வேண்டுமென்றால் பூஜைக்கு முந்தின நாள் சப்ளையை நிறுத்தி, பூட்டுப் போட்டு, உலர்ந்த பிரஷ்ஷால் செய்யுங்கள். அன்றைக்கு எல்லா மெஷினும் நிற்பதால் முழு ஆய்வுக்கும் அதைவிட நல்ல நாள் எனக்குத் தெரியாது.

திறந்தால் உள்ளே பாம்பு, எலி, பல்லி இருந்தால்?

கையையோ குச்சியையோ விடாமல் மெதுவாகச் சாத்துங்கள். ஆள் பயந்து பின்னால் சாய்வதும், அது பயந்து பஸ்பாரில் ஏறுவதும் ஒரே நொடியில் நடக்கும். அடுத்து சப்ளையை மேலேயே நிறுத்திவிட்டு, பாம்பு என்றால் தீயணைப்புத் துறைக்கு 101-ல் சொல்லுங்கள். உள்ளே வர வழி எங்கே என்று தேடினால் கீழே கேபிள் நுழைகிற தகட்டில் மூடாத ஓட்டை இருக்கும்.

தோட்டத்துப் பம்பு செட் பேனலுக்கு இவ்வளவும் வேண்டுமா?

மேலூர், உசிலம்பட்டி பக்கத்துக் கிணற்று மேட்டில் இருக்கிற ஸ்டார்ட்டர் பெட்டியும் அதே 415 வோல்ட்தான். ஆலையை விட அங்கே மூன்று சங்கடம் கூடுதல்: தரை ஈரம், ஆள் தனி, எர்த் கம்பி பெரும்பாலும் துருப்பிடித்து அறுந்திருக்கும். அதற்கு மேல் ஆட்டோ ஸ்விட்ச். த்ரீ ஃபேஸ் எந்த நேரம் வந்தாலும் மோட்டார் தானாக ஓடட்டும் என்று போட்டிருப்பார்கள். நீங்கள் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரும். இப்போது செல்போனில் கூப்பிட்டு மோட்டார் போடுகிற ஸ்டார்ட்டரும் வந்துவிட்டது. வீட்டில் இருக்கிற மகன், “அப்பா தோட்டத்துக்குப் போயிட்டாரே, மோட்டாரைப் போட்டுவிடுவோம்” என்று நல்லெண்ணத்தில் அழுத்துவான். ஆட்டோவை ஆஃப் செய்து, சிம்மைக் கழற்றி, மெயின் ஃப்யூஸ் கேரியர் மூன்றையும் உருவிக் கையில் வைத்துக்கொண்டு, டெஸ்ட் பண்ணி, பிறகு திறங்கள்.

“நிறுத்த முடியாது, ஓட்டத்திலேயே பாருப்பா” என்று மேனேஜர் சொன்னால்?

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ம் ஆண்டு பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி, மின் சாதனங்களில் வேலை செய்யத் தகுதியான ஆட்கள் யார் யார் என்று நிர்வாகம் எழுத்தில் நியமித்து வைத்திருக்க வேண்டும். உயிரோட்டமுள்ள சாதனத்தில், அதற்கென்று நியமிக்கப்படாதவர் வேலை செய்யவும் கூடாது, உதவிக்கு நிற்கவும் கூடாது. உதவிக்கு நிற்பதும் அதில் அடங்கும் என்பதைக் கவனியுங்கள்; டார்ச் பிடிக்க நேற்று சேர்ந்த பையனைக் கூப்பிடுவது அதில்தான் வரும்.

ஆனால் மேனேஜரிடம் சட்டப் புத்தகத்தை நீட்டினால் வேலை நடக்காது, அனுபவத்தில் சொல்கிறேன். “சார், இந்த நாலு வேலை ஓட்டத்திலேயே பார்த்துவிடுகிறேன், இந்த மூன்றுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை நாற்பது நிமிஷம் கொடுங்கள்” என்று எழுதிக் கொடுங்கள். நாற்பது நிமிஷத்தைப் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். எழுதிக் கொடுத்த தாளின் நகல் உங்களிடம் இருக்கட்டும்.

பிரேக்கரை ஆன், ஆஃப் செய்யும்போது எங்கே நிற்பது?

நேர் எதிரே நிற்காதீர்கள். வலப்பக்கமாக ஒதுங்கி, இடது கையால் ஹேண்டிலைப் பிடித்து, முகத்தை மறுபக்கம் திருப்பி, மூச்சை அடக்கிக்கொண்டு போடுங்கள். கதவு சாத்தியிருக்க வேண்டும். ட்ரிப் ஆன பிரேக்கரைக் காரணம் தெரியாமல் மறுபடி மறுபடி தூக்கக் கூடாது.

ஒருவருக்கு அடித்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

அவரைத் தொடாதீர்கள், சப்ளையை வெட்டுங்கள். ஆய்வுக்கு முன்பே ‘எந்த ஹேண்டிலை இறக்கினால் இது சாகும்’ என்று துணையாளுக்குக் காட்டி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். துணையாள் அங்கே நின்று செல்போன் பார்த்தால் அவர் துணையாள் இல்லை. ஹேண்டில் எட்டாத தூரம் என்றால் உலர்ந்த மரக்கட்டை, பிளாஸ்டிக் நாற்காலி போல ஏதாவது ஒன்றால் தள்ளிவிடுங்கள்.

மூச்சு இல்லை, கூப்பிட்டால் அசைவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடச் சொல்லிவிட்டு உடனே நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அழுத்த ஆரம்பியுங்கள். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 செ.மீ. ஆழம். ஆம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாற்றி ஆள் நிறுத்தாமல். சாவிக்கொத்தைக் கையில் திணிப்பது, வாயில் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் பொன்னான நிமிஷங்களைத் தின்னும். தீக்காயத்தில் சுத்தமான தண்ணீர் 20 நிமிஷம் ஓடட்டும். மஞ்சள், இங்க், பேஸ்ட் எதுவும் வேண்டாம்.

அடி வாங்கியவர் எழுந்து உட்கார்ந்து டீ கேட்கிறார். ஆஸ்பத்திரிக்கு அவசியமா?

அவசியம். வெளியே உள்ளங்கையில் ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே தசை வெந்திருக்கும். இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியிருக்கிறதா என்று ஈசிஜி எடுத்தால்தான் தெரியும். பெரியாஸ்பத்திரிக்கோ பக்கத்தில் இருக்கிற ஈசிஜி வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கோ அன்றைக்கே போய்விடுங்கள். “விழுந்துட்டேன்” என்று சொல்லாமல் “415 வோல்ட் ஷாக், இந்தக் கையில் நுழைந்து இந்தக் காலில் போனது” என்று டாக்டரிடம் சொல்லுங்கள். மறுநாள் சிறுநீர் கட்டஞ்சாயா (பால் இல்லாத டீ) நிறத்தில் போனால் மறுபடி உடனே போக வேண்டும். வெந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது.

அப்புறம், அந்தப் பேனலை யாரும் துடைத்துவிடக் கூடாது. 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 161-வது பிரிவு மின் விபத்தைத் தெரிவிக்கச் சொல்கிறது. மின் ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை கருகிய லக்கும், விழுந்த டெஸ்டரும் அப்படியே கிடக்கட்டும்.